ஒரு ‘பேர்’ எவ்வளவு பெறும்? மலையகத்தின் கூலியும் குடியுரிமையும்

திருப்பூரில் இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: “இலங்கை மலையகத் தமிழர் எல்லோருக்கும் 2003-லேயே குடியுரிமை கிடைத்துவிட்டது என்று படித்தேன். பிறகு ஏன் 1000 ரூபாய், 1700 ரூபாய் என்று நாட்கூலிக்கே இன்னும் போராட்டம் நடக்கிறது? குடியுரிமைக்கும் கூலிக்கும் என்ன சம்பந்தம்?”

சம்பந்தம் இருக்கிறது தம்பி. இரண்டையும் தனித்தனிப் பிரச்சினையாகப் பார்த்ததால்தான் இத்தனை வருடம் இழுத்துக்கொண்டு போகிறது என்பது என் எண்ணம். நான் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவன். அம்மா கொழுந்து எடுத்தவர். ஓய்வு பெறுகிறவர்களுக்குச் சேமலாப நிதிப் (உங்கள் ஊரில் பி.எஃப்.) படிவம் நிரப்பிக் கொடுப்பது, பிறப்புச் சான்றிதழுக்கு அலைவது, அடையாள அட்டை எடுத்துக் கொடுப்பது என்று இருபது வருடத்துக்கு மேலாக என் நாட்கள் போகின்றன. அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்ததையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் ‘பேர்’ என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். “இந்த மாசம் எத்தனை பேர்?” என்று கேட்டால், எத்தனை நாள் வேலை செய்தாய் என்று அர்த்தம். காலையில் பிரட்டுக்களத்தில் (ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) கூடி, மலைக்குப் போய், தோட்டம் நிர்ணயித்த கிலோ அளவுக்குக் கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர் விழும். அந்த அளவு பல இடங்களில் 18 அல்லது 20 கிலோ. மழை, அட்டை, கொழுந்து இல்லாத காய்ந்த மலை என்று எந்தக் காரணமாக இருந்தாலும், கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். ஆகவே அரசாங்கம் “நாட்சம்பளம் இவ்வளவு” என்று அறிவிக்கும்போது அது வீட்டுக்கு வரும் தொகை என்று நினைத்துவிடக் கூடாது. முழுப் பேர் விழுந்தால்தான் அந்தத் தொகை. மாதத்தில் எத்தனை முழுப் பேர் விழும் என்பதைத் தொழிலாளி தீர்மானிப்பதில்லை.

சரி, வரலாற்றுக்கு வருவோம். தஞ்சாவூர், திருச்சி, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களில் இருந்து கங்காணிமார் கூட்டிவந்த மக்கள், முதலில் கோப்பிக்கும், கோப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலைக்கும் உழைத்தார்கள். வரும்போதே கடனோடு வந்தார்கள். பயணச் செலவு, முன்பணம் எல்லாம் கங்காணியின் கணக்கில் ஏறியிருக்கும். அந்தக் கடன் எழுதிய சீட்டுக்குத் துண்டு என்று பேர். துண்டு தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்த முறை 1921-ல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று தோட்டத்துக்கு வந்தது 1927-ல் போட்ட சட்டத்தால். 1929-ல் அது நடைமுறைக்கு வந்தபோது, மேல்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். இலங்கையில் வேறு பல தொழிலாளருக்கு அப்போது இப்படி ஒரு சட்டமே கிடையாது. தோட்டத்துக்கு மட்டும் ஏன் வந்தது? ஆள் அனுப்பும் இடத்தில் இருந்த இந்திய அரசாங்கம் நெருக்கியது. 1922-ல் இந்தியாவில் வந்த குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு, கூலி நிர்ணயிக்காவிட்டால் ஆள் அனுப்புவது சிக்கலாகும் என்ற நிலை. பேசுவதற்கு ஒரு ஆள் இருந்தபோது கூலிக்கு ஒரு தரை கிடைத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

1931-ல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்ட மக்களுக்கு மட்டும் நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்று நிரூபிக்கும் நிபந்தனைகள் இருந்தன. இருந்தும் ஏராளமானோர் வாக்காளர் ஆனார்கள். அதே காலத்தில்தான் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மாளும் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சங்கம் கட்டினார்கள். மேடையில் பேசுவதற்கு முன் மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் பாட்டாகத்தான் உரிமை போய்ச் சேர்ந்தது. 1939-ல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவானது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். மலையகத் தொழிற்சங்கக் கூட்டங்களில் இன்றும் முதலில் சொல்லப்படும் பெயர் அது.

1947 தேர்தலில் தோட்டப் பகுதிகளில் இருந்து காங்கிரஸ் சார்பில் உறுப்பினர்கள் பாராளுமன்றம் போனார்கள். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்கு இடதுசாரிகளை வெல்ல வைத்தது. அடுத்த வருடமே 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்ததாகக் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்பே ஒழுங்காகப் பதியப்படாத காலம் அது. முப்பாட்டனுக்கு எங்கே போவது? சுமார் ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள்.

1949-ல் இன்னொரு சட்டம் வந்தது, இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம். பதிவு மூலம் குடியுரிமை பெறலாம் என்று ஒரு கதவு திறப்பது போலத் தெரிந்தது. நிபந்தனைகளைப் பாருங்கள்: கல்யாணமானவர் 7 வருடம், ஆகாதவர் 10 வருடம் தொடர்ந்து குடியிருந்ததைக் காட்ட வேண்டும். அதோடு நியாயமான நிச்சய வருமானமோ தகுந்த தொழிலோ இருப்பதையும் காட்ட வேண்டும். தம்பி, உங்கள் கேள்விக்கான பதில் இந்த இடத்திலேயே எழுத்தில் இருக்கிறது. குடியுரிமைக்கு வருமானம் கேட்டார்கள். அந்த வருமானம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. வசிப்பிடத்துக்கும் வேலைக்கும் சான்று அதே நிர்வாகத்தின் புத்தகத்தில் இருந்தது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரம் பேர் அளவுக்குத்தான். அதே 1949-ல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கு இல்லை என்று ஆக்கினார்கள். 1952 தேர்தலில் தோட்ட மக்களின் பிரதிநிதி என்று ஒருவரும் பாராளுமன்றத்தில் இல்லை.

வாக்கு போனபின் கூலிக்கு என்ன ஆகும் என்பதை யோசிக்க அறிவாளியாக இருக்கத் தேவையில்லை. 1941-லேயே சம்பள நிர்ணய சபைச் சட்டம் வந்திருந்தது. சபை கூடியது, கூலியும் அவ்வப்போது சில சதங்கள் ஏறியது. ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் வேண்டும், வைத்தியசாலை வேண்டும், லயத்தை இடித்து வீடு கட்ட வேண்டும் என்று சொல்வதால் எந்த அரசியல்வாதிக்கும் ஒரு வாக்கும் கிடைக்காது. நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பங்கு இந்தக் கைகளால் வந்தது. நாட்டின் கணக்கில் அந்தக் கைகள் இல்லை.

பிறகு 1964 அக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரை இரண்டு அரசாங்கங்களும் பங்கு பிரித்தன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை. 1972-லும் 1975-லும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. இடையில் 1973, 74-ல் தோட்டங்களில் பஞ்சம். மாவுக்கும் அரிசிக்கும் வழியில்லாமல் மனிதர்கள் செத்தார்கள். எங்கள் வீட்டில் அந்த வருடங்களைப் பற்றிப் பேச அம்மாவுக்குப் பிடிக்காது. “இந்தியாவுக்கு எழுதிவிடலாம்” என்று பலர் முடிவெடுத்ததற்கு அந்தப் பசியும் ஒரு காரணம். என் அத்தை குடும்பம் அப்படித்தான் போனது. மலையில் இருந்து, இந்தியாவுக்குக் கப்பலேறும் தலைமன்னாருக்குப் போன ரயிலை ‘அழுகைக் கோச்சி’ என்று சொல்வார்கள். பாதிக் குடும்பம் பெட்டிக்குள்ளேயும் பாதிக் குடும்பம் மேடையிலும் நின்று அழுத கோச்சி.

போனவர்களின் கதையையும் இரண்டு வரி சொல்ல வேண்டும், நீங்கள் தமிழ்நாட்டில் இருப்பதால். கோத்தகிரி, கூடலூர் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் பலருக்கு வேலை கிடைத்தது. அங்கேயும் குடியிருப்பு வேலையோடு ஒட்டியது. 2022-ல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க முடிவான போது, ஓய்வு பெற்றவர்கள் எங்கே போவது என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. இன்னொரு கூட்டம் இருக்கிறது. 1977, 1981, 1983 கலவரங்களுக்குப் பயந்து மலையில் இருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், அங்கேயும் யுத்தம் துரத்த, தோணியேறி ராமேஸ்வரம் வந்தவர்கள். கிட்டத்தட்ட முப்பதாயிரம் பேர் இந்திய வம்சாவளியினராக இருந்தும் தமிழ்நாட்டு முகாம்களில் குடியுரிமை இல்லாமல் இருக்கிறார்கள். 2019-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது. அதே வருடக் கடைசியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. பாட்டன் புறப்பட்ட மாவட்டத்திலேயே பேரன் அகதி.

இங்கே நின்றவர்களுக்குக் குடியுரிமை சொட்டுச் சொட்டாக வந்தது. 1977 தேர்தலில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவில் வென்று, 1978-ல் அமைச்சரானார். வாக்குள்ளவர் எண்ணிக்கை ஏற ஏறப் பேச்சும் மாறியது. 1984 ஏப்ரலில் தோட்டங்கள் எங்கும் வேலைநிறுத்தம் நடந்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று ஆனது. 1929-ல் 54-க்கு 43 என்று எழுதிவைத்த வித்தியாசம் போவதற்கு ஐம்பத்தைந்து வருடம் பிடித்தது. கொழுந்து எடுப்பதில் மிகப் பெரும்பாலோர் பெண்கள் என்பதை நினைத்தால் அந்த வித்தியாசத்தில் எவ்வளவு பணம் யார் கைக்குப் போயிருக்கும் என்று கணக்குப் போடலாம். 1988-ல் ஒரு சட்டம், கடைசியாக 2003-ல் 35-ஆம் இலக்கச் சட்டம்: 1964 அக்டோபர் 30 முதல் இங்கே குடியிருக்கும் இந்திய வம்சாவளியினரும் அவர்கள் வாரிசுகளும் ஒரு பிரகடனம் கொடுத்தால் போதும். அந்த வருடக் கடைசியில் பத்தே நாளில் சுமார் 1,90,000 பேர் குடியுரிமை பெற்றார்கள். நானும் ஒரு கோயில் மண்டபத்தில் மேசை போட்டுப் படிவம் நிரப்பினேன். எழுபது வயதுக் கிழவர்கள் முதல் தடவையாக ஒரு நாட்டின் பிரஜையாகக் கைநாட்டு வைத்தார்கள். அந்தப் பத்து நாளை என்னால் மறக்க முடியாது.

இனி உங்கள் கேள்வியின் அடுத்த பாதி. அதற்குப் பிறகும் கூலிக்கு ஏன் சண்டை?

1992-ல் அரசாங்கம் தோட்டங்களின் நிர்வாகத்தைத் தனியார் கம்பனிகளிடம் கொடுத்தது. நிலம் அரசுடையது, கம்பனிகளுக்கு 53 வருடக் குத்தகை. சம்பளத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கம்பனிகளின் தரப்பும் மூன்று தொழிற்சங்கத் தரப்பும் உட்கார்ந்து கூட்டு ஒப்பந்தமாகப் போட்டார்கள். அந்த ஒப்பந்தங்களில்தான் நுணுக்கமான வேலை நடந்தது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2016 அக்டோபரில் போட்ட ஒப்பந்தத்தில் நாளுக்கு 730 ரூபாய் என்று சொன்னார்கள். பிரித்துப் பார்த்தால்: அடிப்படைச் சம்பளம் 500, வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்திக் கொடுப்பனவு 140, தேயிலை விலைப் பங்கு 30. கொடுத்த வேலை நாளில் முக்கால்வாசி வராவிட்டால் அந்த 60 போய்விடும். கிலோ வராவிட்டால் 140 போய்விடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஏழெட்டு நாள் நின்ற தாய்க்கு 730 என்பது கனவு. அதைவிட முக்கியம், ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்ட வேண்டிய 12 வீதமும், தொழிலாளியிடம் வெட்டும் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு நிதிக்குரிய 3 வீதமும் அந்த 500-க்கு மட்டும்தான். சேவைக்காலப் பணமும் (கிராஜுவிட்டி) அப்படியே. அது வேலை செய்த வருடம் ஒன்றுக்கு 14 நாள் சம்பளம். 34 வருடம் வேலை செய்த ஒருவருக்கு 476 நாள் சம்பளம் வர வேண்டும். 500 ரூபாய்ப்படி 2,38,000. 730-ஐயும் சம்பளமாக எடுத்திருந்தால் 3,47,480. ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்துச் சொச்சம், ஒரு ஆளிடம், ஒரு வார்த்தையை ‘கொடுப்பனவு’ என்று மாற்றியதால் போனது.

2019 ஜனவரி ஒப்பந்தத்தில் அடிப்படையை 700 ஆக்கி, வரவையும் உற்பத்தியையும் எடுத்துவிட்டு, விலைப் பங்கு 50 வைத்தார்கள். மொத்தம் 750. “1000 கேட்டோம், 20 ரூபாய் கொடுத்தார்கள்” என்று தோட்டங்களில் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயம். என் மேசையில் இருந்து பார்த்தால் ஒன்றையும் சொல்ல வேண்டும்: ஓய்வுக்காலப் பணத்தைப் பொறுத்தவரை 500-ல் இருந்து 700 என்பது பல வருடத்தில் கிடைத்த பெரிய முன்னேற்றம். கையில் வருவதை மட்டும் பார்த்துச் சம்பளத்தை எடை போடக் கூடாது என்று நான் அப்போதும் சொன்னேன். நிறையப் பேர் என்னோடு கோபித்துக்கொண்டார்கள்.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானி (அரசிதழ்) போட்டு 900-உம் 100 ரூபாய் வரவுசெலவுத் திட்டப் படியுமாக 1000 ரூபாய் ஆனது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. கூட்டு ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது. அதோடு, வேலை நிபந்தனை பற்றி அதில் இருந்த பாதுகாப்புகளும் போயின. கிலோ அளவைக் கூட்டினார்கள், வேலை நாளைக் குறைத்தார்கள் என்று அந்த வருடம் என்னிடம் வராத தோட்டம் இல்லை. அதே வருடம் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். செடி வெளிறிக் கொழுந்து குறைய, முழுப் பேர் எடுப்பது இன்னும் கஷ்டமானது. 2022-ல் பணவீக்கம் செப்டெம்பர் மாதம் 70 வீதத்தைத் தொட்டது. டொலருக்கு 200 ரூபாயாக இருந்தது 360 ஆனது. ஐந்து வருடம் தெருவில் நின்று வாங்கிய 1000 ரூபாயில், கோதுமை மாவு வாங்கப் போனபோது பாதி கூட மிஞ்சவில்லை.

2024 மே தினத்தில் கொட்டகலைக் கூட்டத்தில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1700 என்று அறிவித்தார். கம்பனிகள் மறுபடி வழக்குப் போட, நாட்டின் உச்ச நீதிமன்றமான உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1350 என்று முடிந்தது, மேலதிகக் கிலோவுக்கு 50 ரூபாய். 2026-க்கான வரவுசெலவுத் திட்டத்தில் கம்பனி 200 கூட்டி 1550 கொடுக்க வேண்டும், வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் தன் பங்காக 200 கொடுக்கும், ஆக 1750 என்று சொன்னார்கள். கம்பனி கொடுக்க வேண்டிய கூலியில் ஒரு பகுதியை வரிப்பணத்தில் இருந்து கொடுப்பது சரியா என்று நாட்டில் பேச்சு எழுந்தது. தொழிலாளியின் பக்கம் நின்று நான் கேட்பது வேறு: அந்த 200 மறுபடியும் வரவைப் பொறுத்த பணம். 2016-ன் 60 ரூபாய்க்கு நடந்ததுதான் இதற்கும் நடக்குமா?

1350 இருந்தபோது, அது நாட்டின் குறைந்தபட்ச நாட்கூலியை விட அதிகம்தானே என்று கேட்டவர்கள் இருந்தார்கள். உண்மை. 2025 ஏப்ரலில் தேசிய குறைந்தபட்சம் மாதம் 27,000, நாள் 1,080 என்று ஆனது. ஆனால் மாதச் சம்பளக்காரருக்கு அந்த 27,000 போயா (பௌர்ணமி) விடுமுறை வந்தாலும் மழை பெய்தாலும் வந்தது. கொழுந்து எடுப்பவருக்கு 27,000 வர 20 முழுப் பேர் விழ வேண்டியிருந்தது. அதில் சேமலாப நிதி 2,160, சங்கச் சந்தா, கடைக் கடன், பண்டிகை முற்பணம், கோயில் என்று வெட்டு. அரசாங்கத்தின் புள்ளிவிபரத் திணைக்களம் 2024 தொடக்கத்தில் போட்ட வறுமைக் கோடு ஒருவருக்கு மாதம் சுமார் 17,000 ரூபாய். நாலு பேர் குடும்பத்துக்கு 68,000. புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் இருபது இருபது முழுப் பேர் எடுத்தாலும், வெட்டுக்கு முன்னால் 54,000.

கம்பனிகளின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். செடி கிழடு, ஆள் கூலிதான் செலவில் பெரும்பங்கு, ஏலத்தில் விலையை நாம் தீர்மானிப்பதில்லை என்பார்கள். மூன்றிலும் உண்மை இருக்கிறது. அப்படியானால் இத்தனை வருடக் குத்தகையில் மறுநடுகை ஏன் பின்தங்கியது? அதற்குக் கொழுந்து எடுப்பவள் பொறுப்பில்லை. இன்னொரு கணக்கும் இருக்கிறது. இன்று இலங்கைத் தேயிலையில் 70 வீதத்துக்கு மேல் வருவது காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களிடம் இருந்து. அவர்களுக்குச் சொந்தக் காணி இருக்கிறது. கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்கிறார்கள், நடுவில் மிளகும் வாழையும் வைக்கிறார்கள், காணியைக் காட்டி வங்கியில் கடன் வாங்குகிறார்கள். அவர்களும் பணக்காரர்கள் அல்லர். ஆனால் அரைப்பேர் போட அவர்களுக்கு மேல் யாரும் இல்லை.

காணி என்றதும் மீரியபெத்த நினைவுக்கு வருகிறது. 2014 அக்டோபர் 29, கொஸ்லந்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்து என்று வருடக்கணக்காக முன்பே எச்சரித்திருந்தார்கள். “சொல்லியும் ஏன் போகவில்லை?” என்று தொலைக்காட்சியில் கேட்டார்கள். எங்கே போவது? போவதற்கு ஒரு பேர்ச் (இங்கே காணி அளக்கும் சிறிய அலகு) நிலம் இருந்திருந்தால் போயிருப்பார்கள். லயம் என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையும் ஒரு தாழ்வாரமும். அது தோட்டத்தின் சொத்து. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட்டால்தான் அதில் இருப்பதற்கு நியாயம் என்ற எண்ணம் நிர்வாகத்திடம் இருக்கிறது. ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: மூத்த மகன் கொழும்பில் கடையில் வேலை, மகள் குவைத்தில், அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்படியும் அந்த அம்மா மலைக்குப் போவது கூலிக்காக மட்டுமில்லை, அறைக்காக. கூலி கேட்டு எவ்வளவு தூரம் சண்டை போடுவார்? ஏழு பேர்ச்சில் தனி வீட்டுத் திட்டங்கள் வந்தன. இந்திய உதவியில் நாலாயிரம் வீடு, 2017-ல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து இன்னும் பத்தாயிரம் என்று அறிவித்தார். தேவையோடு ஒப்பிட்டால் கொஞ்சம். வீடு கிடைத்த பலருக்கும் உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், கையில் இல்லை. உறுதி இல்லாத வீட்டை வங்கி வீடாகப் பார்ப்பதில்லை.

குடியுரிமை கிடைத்தும் கிடைக்காத மாதிரி இருப்பதற்கு இன்னொரு சாட்சி, 1987-ன் பிரதேச சபை (உள்ளூராட்சி மன்றம்) சட்டம். அதன் 33-ஆம் பிரிவு காரணமாகப் பிரதேச சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிப்பதற்குத் தடை இருந்தது. வாக்குப் போட்டு உறுப்பினரை அனுப்பலாம், அவர் உங்கள் லயத்துக்கு ஒரு பாதை போட முடியாது. 2018-ல்தான் அதைத் திருத்தினார்கள்.

ஆகவே தம்பி, 2003-ல் கிடைத்தது பத்திரம். பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 1948-க்கும் 2003-க்கும் இடையில் ஐம்பத்தைந்து வருடத்தில் மற்றவர்கள் காணி வாங்கினார்கள், அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், கிராமத்தில் ஒரு முகவரி எடுத்தார்கள். நாடற்றவருக்கு அது எதுவும் முடியாது. பத்திரம் வந்தபோது கையில் இருந்தது தோட்டத்துப் பேர் ஒன்றுதான். அதனால்தான் அந்த ஒரு பேரின் விலைக்கு இத்தனை சண்டை. நாட்சம்பளப் போராட்டத்தோடு காணி உறுதியையும், கொடுப்பனவு எதுவும் இல்லாத முழு அடிப்படைச் சம்பளத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் பக்கம். சங்கங்கள் மேடையில் இதைச் சொல்கின்றன. பேச்சுவார்த்தை மேசையில் முதலில் கைவிடுவதும் இதைத்தான்.

என் அம்மா 2017-ல் ஓய்வு பெற்றார், 34 வருடச் சேவை. மேலே போட்ட கணக்கு அவருடையதுதான். செக்ரோலில் (தோட்டத்து வருகைப் பதிவேட்டில்) ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு எழுத்து மாறி இன்னொரு பேர், என் பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது பேர். மூன்றும் ஒரே ஆள் என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி வாங்கி, சேமலாப நிதி கைக்கு வர பதினாலு மாதம் ஆனது. நான் இதே வேலையைச் செய்கிறவன், எனக்கே பதினாலு மாதம். பணம் வங்கியில் விழுந்ததாக அம்மா பெயருக்கு வந்த கடிதம், எங்கள் தோட்டத்து எல்லாக் கடிதங்களையும் போல, ஆபிசுக்குப் போய், அங்கே மூட்டையில் கிடந்து, ஒன்பது நாள் பிந்தி வந்தது. உறையில் அம்மாவின் பேருக்குக் கீழே வீட்டு இலக்கம் இல்லை, தெரு இல்லை. தோட்டத்தின் பேரும் டிவிசனின் பேரும் மட்டும் இருந்தன.